கணனி மாறும்போது ஏடுகள் படும் பாடு

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே இளைஞர் பிரிவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)





இச்சபையிலே இளைஞர் எழுந்து நின்றால் திருமுறையைப் பற்றியோ, நாயன்மார் வரலாற்றைப் பற்றியோ, சமூகத் தொண்டைப் பற்றியோ பேசுவது வழக்கம். இன்றைக்கு நாம் ஒரு பெட்டியைப் பற்றிப் பேசப் போகின்றோம். 2012ஆம் ஆண்டு வாங்கப்பட்டுச் சங்கக் காரியாலயத்தின் மூலையிலே பச்சைத் துணியால் மூடப்பட்டிருந்த கணனியே அப்பெட்டி. செயற்குழுவின் தீர்மானப்படி அதற்கு ஓய்வு கொடுத்துப் புதியதொன்று வாங்கப்பட்டது. பழையதில் இருந்தவற்றைப் புதியதற்கு மாற்றும் பொறுப்பு இளைஞர் பிரிவினராகிய எம்மிடம் வந்தது. "ஒரு பின்னேரத்து வேலைதானே, தம்பிமாரே" என்று பொருளாளர் ஐயா சொன்னார். ஆறு வாரங்கள் சென்றன. அவ்வாறு வாரங்களிலே யாது நடந்தது என்பதைச் சபையோர் அறிதல் வேண்டும். ஏனெனில் அங்கே ஆபத்துக்குள்ளானது பெட்டியன்று, உங்கள் பெயர்களே.

இஃது எமது காரியாலயத்துக்கு மாத்திரம் உரிய சங்கதியும் அன்று. மைக்ரோசொப்ற் கம்பனியார் விண்டோஸ் ஏழுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2020ஆம் ஆண்டு ஜனவரி 14ஆந் திகதியுடன் நிறுத்தினர். விண்டோஸ் பத்துக்கான வழமையான திருத்தங்கள் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் நின்றன. அடுத்துள்ள விண்டோஸ் பதினொன்றோ பழைய கணனிகள் பலவற்றிலே ஏறாது. ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பு வேண்டும், ஆகக்குறைந்தது 4 கிகாபைற் நினைவகமும் 64 கிகாபைற் சேமிப்பிடமும் வேண்டும், செயலியும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிற்பட்டதாய் இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருக்கும் கணனியையும் மாற்றவேண்டிய நிலை பல வீடுகளில் வந்துவிட்டது. பணமிருந்தாற் கணனி வாங்குதல் இலகு. குடிபெயர்தலே கடினம்.

முதலாவதாக ஒரு வேற்றுமையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். நாம் எழுதிய கடிதம், கணக்கு, எடுத்த படம், பதிந்த பாட்டு ஆகியன கோப்புக்கள். அவற்றை ஆக்கவும் திறக்கவும் உதவும் கருவிகள் செய்நிரல்கள். கோப்பு மாங்காய் போன்றது. செய்நிரல் மாமரம் போன்றது. வளவு மாறிப் போகின்றவர் காய்களைச் சாக்கிலே கட்டிக்கொண்டு போகலாம். மரத்தைக் கொண்டுபோக இயலாது, போகுமிடத்திலே புதிய கன்று நடவேண்டும். வேர் எங்கெங்கு ஓடியிருக்கின்றது என்பது வெளியே தெரிவதில்லை அல்லவா? விண்டோஸிலும் அவ்வாறே. ஒரு செய்நிரலை நிறுவும்பொழுது அதன் பெரும்பகுதி புரோகிராம் பைல்ஸ் என்னும் உறைக்குள்ளே போகின்றது. துணைக்கோப்புக்கள் சில விண்டோஸின் சொந்த உறைக்குள்ளே போகின்றன. விருப்பங்களும் அமைப்புக்களும் பயனாளரின் பெயரிலுள்ள மறைவான வேறோர் உறைக்குள்ளே போகின்றன. இவையெல்லாம் எங்கெங்கு உள்ளன என்ற குறிப்பு ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டிலே எழுதப்படுகின்றது. இப்பதிவேடு 1992ஆம் ஆண்டின் விண்டோஸ் 3.1 இலே சிறிய அளவில் தோன்றி, 1995ஆம் ஆண்டின் விண்டோஸ் 95 இலே விரிவு பெற்றது. ஆதலின், ஒரு செய்நிரலின் உறையை மாத்திரம் படியெடுத்துப் புதிய கணனியில் வைத்தால், அது பெரும்பாலும் வேரறுத்த அடிமரமாய் நிற்குமேயன்றித் துளிர்க்காது.

அப்பிள் கம்பனியாரின் மக் கணனிகளிலே இத்தொல்லை குறைவு. அங்கே பல செய்நிரல்கள் ஒரே கட்டாக அமைந்திருக்கின்றன. மைக்கிரேஷன் அசிஸ்டன்ற் என்னும் துணைக்கருவியும் கூடவே வருகின்றது. விண்டோஸிலும் ஈஸி ட்றான்ஸ்பர் என்றொன்று சில பதிப்புக்களில் இருந்தது. அது கோப்புக்களையும் அமைப்புக்களையும் கொண்டுபோயிற்றேயன்றிச் செய்நிரல்களைக் கொண்டுபோகவில்லை. விண்டோஸ் பத்திலே அதுவும் நீக்கப்பட்டது. செய்நிரல்களையும் பெயர்த்துத் தருவோம் என்று சொல்லும் மென்பொருள்கள் விலைக்கு உண்டு. நாம் அவற்றை நாடவில்லை. பதின்மூன்று வருடக் குப்பையைப் புதுவீட்டுக்கு ஏற்றிச் செல்வானேன்? பழைய கணனியிலிருந்த செய்நிரல்களை ஒரு கொப்பியிலே வரிசையாக எழுதினோம். நாற்பத்தொன்று இருந்தன. எவராவது உண்மையிலே பயன்படுத்தியவை ஏழு.

இங்கே ஓர் உண்மையைச் சபையறியச் சொல்லுதல் நன்று. அவ்வேழில் மூன்றுக்கு அனுமதிப்பத்திரமே இல்லை. கணனி வாங்கிய காலத்திலே, "எல்லாம் போட்டுத் தந்திருக்கிறேன்" என்று கடைக்காரர் சொல்லியனுப்பிய சரக்கு அது. நாட்டிலே எங்கும் நடப்பதுதானே என்று சமாதானம் சொல்லலாம். கள்ளாமை என்னும் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்வித்துப் பரிசும் கொடுக்கின்ற ஒரு சங்கத்துக்கு அச்சமாதானம் அழகன்று. ஆதலால் கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் லிப்ரே ஒபிஸ் என்னும் தொகுதியை நிறுவினோம். 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அத்தொகுதியை எவரும் இலவசமாகவும் நேர்மையாகவும் பயன்படுத்தலாம். செயலாளர் ஐயா முதல் வாரம் முகஞ்சுளித்தார். இரண்டாம் வாரம் பழகிவிட்டார்.

இனிக் கோப்புக்களுக்கு வருவோம். கோப்புக்களைக் கொண்டுபோவது இலகு என்று சொன்னோம். அவை எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது அத்துணை இலகுவன்று. டொக்கியுமென்ற்ஸ் என்னும் உறையைப் பார்த்துவிட்டுத் திருப்தியடைபவர் பாதியைத் தவறவிடுவர். முகப்புத் திரையிலே சில கிடக்கும். பதிவிறக்கிய உறையிலே சில கிடக்கும். கணக்கு வைக்கும் மென்பொருளோ தன் தரவைத் தனக்குப் பிடித்த ஓரிடத்திலே ஒளித்து வைத்திருக்கும். அதனைத் தேடிப்பிடித்துப் படியெடுப்பதிலும் பார்க்க, அம்மென்பொருளிலேயே உள்ள காப்புப்பிரதி எடுக்கும் வசதியைப் பயன்படுத்துதல் மேல். இணைய உலாவியிலே குறித்துவைத்த முகவரிகளையும் கடவுச்சொற்களையும் மறத்தலாகாது. எமது மின்னஞ்சற் கணக்கு முன்னாட் செயலாளர் ஒருவரின் கைத்தொலைபேசி இலக்கத்துடன் பிணைக்கப்பட்டிருந்தது. அவர் இப்பொழுது ரொறன்ரோவில் வாழ்கின்றார். புதிய கணனியிலே கணக்கைத் திறக்க முயன்றபொழுது இரகசிய எண் அவருடைய தொலைபேசிக்குப் போயிற்று. இங்கே இரவு பத்து மணி, அங்கே நண்பகல். நல்லவேளையாக அவர் மதியபோசனத்தில் இருந்தார், எண்ணைச் சொன்னார். தூங்கியிருந்தால் விடியும்வரை நாமும் விழித்திருந்திருப்போம்.

ஒரு விதியை எமக்குள்ளே வகுத்துக்கொண்டோம். வெட்டி எடுத்தல் ஆகாது, படியெடுத்தலே முறை. வெட்டி ஒட்டும்பொழுது, போய்ச் சேர்ந்த கோப்புப் பழைய இடத்திலிருந்து நீங்கிவிடும். பாதி வழியிலே மின்சாரம் நின்றால், எது சேர்ந்தது, எது சேரவில்லை, எது நடுவழியில் முறிந்தது என்று அறிவது பெரும்பாடு. 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தை அனுபவித்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. படியெடுத்தால் மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னொன்று: பென் ட்றைவ்கள் பல எப்.ஏ.ரி. 32 என்னும் ஒழுங்கிலே அமைக்கப்பட்டவை. அவ்வொழுங்கு 4 கிகாபைற்றை எட்டும் தனிக்கோப்பை ஏற்பதில்லை. எமது ஆண்டுவிழா வீடியோ 6 கிகாபைற். பென் ட்றைவிலே 30 கிகாபைற் வெற்றிடம் இருந்தும் "கோப்புப் பெரிது" என்று மறுத்துவிட்டது. எக்ஸ்.பற் என்னும் ஒழுங்குக்கு மாற்றியதும் ஏற்றுக்கொண்டது. மாற்றும்பொழுது உள்ளேயிருப்பவை அழியும். ஆகவே வெறும் ட்றைவிலேயே அதனைச் செய்தல் வேண்டும்.

எல்லாம் வந்து சேர்ந்தன. எண்ணிப் பார்த்தோம், பழையதிலும் புதியதிலும் ஒரே எண்ணிக்கை. மொத்த அளவும் ஒன்றே. மனநிறைவோடு 2006ஆம் ஆண்டின் கட்டட நிதிப் பேரேட்டைத் திறந்தோம். தொகைகள் வரிசையாக நின்றன: 500, 1,000, 2,500, 10,000. அவற்றின் எதிரே, கொடுத்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்திலே, ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் சந்தையிலே கொட்டுண்ட பயறு போலக் கிடந்தன. பணம் இருந்தது, கொடுத்தவரைக் காணவில்லை.

அடுத்த கோப்பைத் திறந்தோம், அதுவும் அவ்வாறே. அங்கத்தவர் இடாப்பு, கூட்டக் குறிப்புக்கள், சமய பாட வினாத்தாள்கள், காலஞ்சென்ற எமது போஷகர் ஒருவர் ஆற்றிய பதினெட்டுச் சொற்பொழிவுகள், எல்லாமே அவ்வாறு கிடந்தன. அருகிலிருந்த ஒருவர், "வைரஸ் பிடிச்சுப் பழுதாப் போச்சு, அழிச்சுப்போட்டு இனிப் புதிசாத் தொடங்குவம்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. இந்த நாட்டிலே எத்தனை கோயில்களின், வாசிகசாலைகளின், சனசமூக நிலையங்களின் ஏடுகள் இவ்வாறான ஒரு சொல்லினால் அழிந்திருக்கும் என்று எண்ணும்பொழுது நெஞ்சு பதைக்கின்றது.

அந்நேரம் பத்திரிகை வாசிக்க வந்த பெரியவர் ஒருவர் எமக்குப் பின்னே நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கச்சேரியிலே தட்டெழுத்தாளராக இருந்து இளைப்பாறியவர். எங்களை விலக்கிக் கதிரையில் அமர்ந்து, இரண்டு கைகளையும் வெறும் மேசைமேல் வைத்து விரல்களை மெல்ல அசைத்தார். பின்னர் ஒரு பெயரை வாசித்தார். அடுத்த பெயரையும் வாசித்தார். மூன்றாவது அவருடைய தமையனாரின் பெயர். அதனை வாசித்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கணனி எழுத்தை எழுத்தாக வைத்திருப்பதில்லை, எண்ணாகவே வைத்திருக்கின்றது. முன்னாளிலே தமிழுக்கென எல்லாக் கணனிகளும் ஏற்ற எண்கள் இல்லாமையால், ஆங்கில எழுத்துக்களின் ஆசனங்களிலே தமிழெழுத்தின் வடிவங்களை இருத்தி எழுத்துருக்களை ஆக்கினர். இலங்கையிலே பெருவழக்காய் இருந்த பாமினி அத்தகையது. அங்கே ஜே என்னும் ஆங்கில எழுத்துக்குரிய 106ஆம் ஆசனத்திலே தகரமும், கே என்பதற்குரிய 107ஆம் ஆசனத்திலே மகரமும் வீற்றிருக்கின்றன. "தமிழ்" என்று நாம் காண்பது கணனியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி உள்ள கணனியிலே அது தமிழாய்த் தோன்றும். இல்லாத கணனியிலே வேடம் கலைந்து ஆங்கிலமாய் நிற்கும். இலக்கங்களுக்கு வேடமில்லை, ஆகையாற் பணத்தொகை மாத்திரம் தப்பிற்று. கோப்பிலே பழுது ஒன்றுமில்லை. எழுத்துரு கூட வரவில்லை, அவ்வளவே.

அப்பெரியவர் எவ்வாறு வாசித்தார்? பாமினியின் ஒழுங்கு தமிழ்த் தட்டெழுத்துப் பொறியின் ஒழுங்கைத் தழுவியது. பொறியின் நடுவரிசையிலே இடமிருந்து வலமாக ய, ள, ன, க, ப என்று தொடங்கி, அரவு கடந்து, த, ம, ட என்று செல்லும். ஆங்கிலப் பொறியிலே ஜே இருக்கும் இடத்திலேயே தமிழ்ப் பொறியிலே தகரம் இருக்கின்றது. இரு மொழியிலும் முப்பது வருடம் தட்டியவருடைய விரல்களுக்கு அது தெரியும். இளைஞராகிய நாம் கணனிப் பாடத்திலே பெற்ற புள்ளிகள் அன்று அம்மேசையிலே செல்லுபடியாகவில்லை.

பரிகாரம் எளிது. பழைய கணனியிலே விண்டோஸ் உறைக்குள்ளே பொன்ற்ஸ் என்றோர் உறை உண்டு. அதிலிருந்து பாமினியையும் அதன் இனத்தவற்றையும் எடுத்துப் புதிய கணனியில் நிறுவினோம். ஒரு நிமிடத்திலே பெயர்கள் எழுந்து நின்றன. பழைய கணனியைக் கடைக்காரரிடம் மாற்றுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் அவ்வுறை எங்கே? பாமினி இன்றும் தேடினாற் கிடைக்கும். ஆனால் எமது விழா அழைப்பிதழ்களுக்குப் பயன்பட்ட வேறு சில எழுத்துருக்களின் பெயரைக்கூட இன்று அறிவார் இல்லை. அவற்றின் ஒழுங்கும் ஒன்றல்ல. தமிழ்நாட்டு அரசு 1999ஆம் ஆண்டு டாம், டாப் என்னும் ஒழுங்குகளை ஏற்றது. அங்கிருந்து வந்த கோப்புக்குப் பாமினியை உடுத்தினால் அது மூன்றாவது மொழியாய்விடும்.

எழுத்துருவைக் கொண்டுவந்ததோடு நின்றிருக்கலாம். ஆனால் அது தற்காலிக முட்டு மாத்திரமே. அத்தகைய கோப்பிலே ஒரு பெயரைத் தமிழிலே தட்டித் தேடினாற் கிடைக்காது. கைத்தொலைபேசிக்கு அனுப்பினால் மறுபடியும் அரைப்புள்ளிகளே தெரியும். நிலையான வழி யுனிக்கோட். 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் வகுக்கப்பட்டது. அகரத்துக்கு 2949, தகரத்துக்கு 2980, மகரத்துக்கு 2990 என்று ஒவ்வொன்றுக்கும் சொந்த எண் உண்டு. எவருடைய ஆசனத்திலும் ஒண்டியிருக்க வேண்டியதில்லை. பாமினியை யுனிக்கோட்டுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆயினும் கருவி எல்லாவற்றையும் அறியாது. பாமினியிலே "கொ" என்பதைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலே, கொம்பு, ககரம், அரவு என்று தட்டுவர். யுனிக்கோட்டிலே ககரம் முதலாவது, உயிர்க்குறி பின்னர். இம்மாற்றத்தைக் கருவி செய்துவிடும். ஆனால் நடுவிலே ஆங்கிலத்தில் எழுதிய கம்பனிப் பெயரோ மின்னஞ்சல் முகவரியோ வந்தால், அதனையும் பாமினி என்று எண்ணித் தமிழாக்கி விடுகின்றது! தட்டியவர் அவசரத்திலே விட்ட பிழைகளும் பிழைகளாகவே வருகின்றன. ஆகவே ஒருவர் வாசிக்க, மற்றவர் மூலத்தோடு ஒப்புநோக்க, இருவர் இருவராய் அமர்ந்து பார்த்தோம். ஆறு வாரங்களில் நான்கு இதற்கே சென்றன.

அவ்விரவுகளிலே சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை நினையாதிருக்க இயலவில்லை. 1832ஆம் ஆண்டு பிறந்த அப்பெரியார் எம்மைப் போலவே மிஷன் கல்விக்கூடத்திலே, வட்டுக்கோட்டைச் செமினரியிலே, பயின்றவர். பனையோலைச் சுவடிகளிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது வழக்கமன்று. எகர ஏகார வேறுபாடும் காட்டுவதில்லை. படியெடுத்தோர் விட்ட வழுக்களும் ஏடுதோறும் கூடும். அத்தகைய சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கி வீரசோழியத்தை 1881ஆம் ஆண்டிலும், கலித்தொகையை 1887ஆம் ஆண்டிலும் அவர் அச்சேற்றினார். அவர் செய்தது மலை, நாம் செய்தது மணல். எனினும் வேலையின் இயல்பு ஒன்றுதான்: ஓலையிலிருந்து கடதாசிக்கு எழுத்து தானாக நடந்து போகவில்லை, மொழி தெரிந்த ஒருவர் கூடவே நடக்க வேண்டியிருந்தது.

எமது ஆண்டு மலரின் பழைய இதழ்கள் வேறொரு சிக்கலைத் தந்தன. அவை பேஜ்மேக்கரிலே அமைக்கப்பட்டவை. அல்டஸ் கம்பனியார் 1985ஆம் ஆண்டு வெளியிட்ட அச்செய்நிரல் 1994இலே அடோபியின் கைக்கு மாறிற்று; 2001ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுபோயிற்று. லிப்ரே ஒபிஸ் சில பேஜ்மேக்கர் கோப்புக்களைத் திறக்கின்றது. பக்க அமைப்போ சிதைகின்றது. ஆதலாற் பழைய கணனி உயிரோடிருக்கும்பொழுதே, அதிலேயே ஒவ்வோர் இதழையும் திறந்து, எழுத்துருக்கள் உள்ளடங்கிய பீ.டி.எப். ஆக்கினோம். மூலக்கோப்பையும் வைத்திருக்கின்றோம். வீட்டிலே இத்தகைய கோப்புக்கள் உள்ளவர்கள் பழைய கணனியை அணைக்குமுன் இவ்வொன்றையாவது செய்துவிடுங்கள். பின்னர் செய்ய வழியிராது.

பழைய கணனி இன்னும் இரண்டு மாதம் மூலையிலேயே இருக்கும். இடாப்பிலே அங்கத்தவர்களின் அடையாள அட்டை இலக்கங்களும் உள்ளமையால், விற்குமுன் அதன் வன்தட்டை முற்றாகத் துடைத்தல் வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டிருக்கின்றோம். கோப்பை அழிப்பது மாத்திரம் போதாது. அழித்ததை மீட்கும் கருவிகள் உண்டு. புதிய கணனியோ தன் தட்டைத் தானே மறைகுறியிலே பூட்டி வைத்திருக்கின்றது. அது பழுதானால் உள்ளேயிருப்பதை மீட்க 48 இலக்கங்கொண்ட ஒரு திறவுகோல் தேவை. அதனைக் கடதாசியில் எழுதிச் சங்கத்தின் இரும்புப் பெட்டகத்தில் வைத்துள்ளோம். பெட்டகத்தின் சாவி வழமைபோலப் பொருளாளர் ஐயாவிடம்.

இப்போதைய நிலைமை இது. அங்கத்தவர் இடாப்பும் போஷகரின் பதினெட்டுச் சொற்பொழிவுகளும் யுனிக்கோட்டுக்கு மாற்றப்பட்டு ஒப்புநோக்கப்பட்டுவிட்டன. கட்டட நிதிப் பேரேட்டிலே 212 பெயர்கள் ஐயத்திற்குரியனவாய் எஞ்சியுள்ளன. தட்டியவர் விட்ட பிழையா, உண்மையான பெயரே அதுவா என்று எம்மால் துணிய முடியவில்லை. எங்களில் பலர் அப்பொழுது குழந்தைகள். கொடுத்தவர்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் அறிந்த பெரியோர்கள் இங்கே இருக்கின்றீர்கள். சனிக்கிழமைகளிற் பின்னேரம் நான்கு மணி தொடக்கம் காரியாலயம் திறந்திருக்கும். வந்து பட்டியலைப் பார்த்துத் தரும்படி கேட்டுக்கொள்கின்றோம். மூக்குக்கண்ணாடியை மறந்து வந்தாலும் பாதகமில்லை, எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கித் தருவோம்.